அக்காவின் ஈரமணல் ரோடு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு முழங்காலில்தான் தொடங்குகிறது. தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டு, சேலையூர் பக்கம் பாதி மூடிய சாக்கடைப் பலகை, பஸ்ஸின் உயரமான முதல் படி என்று ஆளுக்கொன்று சொல்கிறோம். நானும் சேர்ந்து புலம்புகிறேன். ஆனால் எந்தத் தெருவில் எத்தனை படி, எந்த வாசலில் சாய்வுப் பாதை இருக்கிறது, எந்தக் கடைக்குள் ஏறாமலே போகலாம் என்று பத்து வயதிலிருந்தே எண்ணிக்கொண்டு நடப்பவள் நான். அது என் முழங்காலுக்காக வந்த பழக்கம் இல்லை. அக்காவுக்காக வந்தது. அவளைப் பற்றி உங்களிடம் நான் அதிகம் பேசியதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கும் எனக்கும் நாலு வயது வித்தியாசம். இரண்டு வயதில் வந்த காய்ச்சல் அவள் கால்கள் இரண்டையும் வாங்கிக்கொண்டு போயிற்று. இளம்பிள்ளை வாதம் என்றார்கள். மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில், சிவப்பு சிமெண்டுத் தரையில் கைகளை ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்துப் போவாள். உள்ளங்கை இரண்டும் செருப்புத் தோல் மாதிரி காய்த்திருக்கும். ஐந்தாம் வகுப்பு வரை அப்பா சைக்கிளில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். ஆறாம் வகுப்பு மாடியில் இருந்தது. அந்த மாடிப்படியின் கீழேயே அவள் படிப்பு நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு தெருப்பக்க ஜன்னல்தான். செருப்புச் சத்தத்தை வைத்தே யார் போகிறார்கள் என்று சொல்லிவிடுவாள்.

அப்பா அரசாங்கக் குமாஸ்தா. எனக்குப் பத்து வயதானபோது தெற்கே, கடல் நடுவில் இருந்த ஒரு சின்னத் தீவு ஊருக்கு அவரை மாற்றினார்கள். ஜூன் மாதம் போனோம், தை பிறப்பதற்குள் திரும்பிவிட்டோம். ஏழு மாதம்தான். ஆனால் அக்காவின் வாழ்க்கை எங்கே நடந்தது என்று யாராவது கேட்டால் நான் அந்த ஏழு மாதத்தைத்தான் காட்டுவேன்.

ரயில் கடல்மேல் ஊர்ந்து போய் எங்களை இறக்கிவிட்டது. அந்த ஊரில் ஒரே ஒரு தார் ரோடு. ஸ்டேஷனில் தொடங்கிப் படகுத்துறையில் முடிந்துவிடும். மற்றதெல்லாம் மணல். சைக்கிள் வைத்திருந்தவர்கள் பாதித் தூரம் அதைத் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். நாலு குதிரை வண்டிகள் இருந்தன, அவையும் தார் ரோட்டை விட்டு இறங்காது. மீன் கூடைக்காரிகள் ஒருவர் பின் ஒருவராக, முன்னால் போகிறவளின் காலடித் தடத்திலேயே கால் வைத்து நடப்பார்கள். அப்படி நடந்தால் மணல் உள்வாங்காது. மத்தியானத்தில் மணல் கொதிக்கும். வீட்டுக்கு வீடு பனை ஓலையைப் பரப்பிப் பாதை போட்டிருப்பார்கள். ஓலை சரசரவென்று பேசும். காற்றில் கருவாடும் குதிரைச் சாணமும் கலந்து வீசும். முதல் வாரம் அம்மா சேலைத் தலைப்பை மூக்கிலிருந்து எடுக்கவேயில்லை.

நன்றாக நடக்கிறவர்களுக்கே சிரமமான ஊர் அது. அக்காவுக்கு அங்கே என்ன இருக்க முடியும்? இங்கிருந்த ஜன்னலுக்குப் பதிலாக அங்கே ஒரு ஜன்னல் என்றுதான் அப்பாவும் அம்மாவும் நினைத்திருப்பார்கள்.

எதிர்வீட்டில் ஒரு மீன்கார அத்தை இருந்தார். அவருடைய வீட்டுக்காரர் ஓடாவி, அதாவது படகு கட்டுகிற ஆசாரி. ஒரு நாள் அத்தை எங்கள் வாசலில் கூடையை இறக்கிவைத்துவிட்டு, ஜன்னலில் இருந்த அக்காவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அம்மாவிடம் கேட்டார்.

"இந்தப் புள்ளைய ஏன் உள்ளயே வச்சிருக்கிய?"

நடக்க வராது என்று அம்மா சொன்னாள்.

"படகுக்குந்தான் நடக்க வராது" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாள் கழித்து ஓடாவி மாமா ஒரு வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார். அகலப் பலகை, தரையிலிருந்து ஒரு சாண் உயரம். முதுகு சாய்க்க ஒரு கட்டை. சக்கரம் என்று சொல்ல முடியாது, பனந்தண்டைத் துண்டு போட்டு இழைத்த உருளைகள். அகலமாக இருந்ததால் அவை மணலில் அவ்வளவு சீக்கிரம் புதையாது. கூடவே இரண்டு குட்டை மூங்கில் கழிகள். கழியின் நுனியில் வலைக்குக் கட்டுகிற மிதப்புக் கட்டையை அடித்திருந்தார், ஊன்றும்போது இறங்காமல் இருக்க. உட்கார்ந்துகொண்டு இரண்டு கையாலும் கழியை ஊன்றித் தள்ள வேண்டும், வத்தையைத் தள்ளுகிற மாதிரி. வத்தை என்றால் அந்தப் பக்கத்துச் சின்னப் படகு. இது கரை வத்தை என்றார் மாமா. அவர் அதிகம் பேச மாட்டார். அக்காவின் உள்ளங்கையை ஒரு முறை திருப்பிப் பார்த்தார். கை பலமா இருக்கு, போயிரும் என்றார்.

வாசல் மணலில் அது நகரவேயில்லை. அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. மாமா அசரவில்லை. வண்டியோடு அக்காவைக் கடற்கரை வரைக்கும் இழுத்துப் போனார். தண்ணீர் உள்வாங்கியிருந்த நேரம். அலை தொட்டுவிட்டுப் போன இடம் தார் ரோட்டைப் போலக் கெட்டியாகப் பளபளத்தது. அக்கா கழியை ஊன்றினாள். ஒரு தள்ளு, இன்னொரு தள்ளு. அவ்வளவுதான். நான் பின்னால் ஓடினேன், பிடிக்க முடியவில்லை. என் அக்காவை நான் துரத்தி ஓடியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

தீவைச் சுற்றிலும் கரை இருந்தது. அதனால் ஈரமணல் வழியே போனால் ஊரில் எங்கேயும் போய்விடலாம் என்பதை அவளே கண்டுபிடித்தாள். தண்ணீர் இறங்குவதை அங்கே வத்தம் என்பார்கள், ஏறுவதை ஏத்தம். எந்த நாளில் எத்தனை மணிக்கு வத்தம் என்று ஒரு பழைய நோட்டில் எழுதிவைத்தாள். ஒரு மாதத்தில் நோட்டைப் பார்க்காமலே சொன்னாள். படகுத்துறைக்கு, ஐஸ் பேக்டரிக்கு, தபாலாபீசுக்கு என்று எல்லா இடத்துக்கும் அவளுக்கு ஒரு நேரம் இருந்தது. கரையிலிருந்து ஊருக்குள் ஏறுகிற இடத்தில் மட்டும் நான் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். வெயிலில் கறுத்தாள். சத்தமாகச் சிரித்தாள். ராத்தூக்கத்தில் கைகளைக் கழி ஊன்றுகிற மாதிரி அசைப்பதாக அம்மா சொன்னாள். அதை அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அதையும் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனோம். ஆபீசுக்குப் பின்னால் கடல். அக்கா வண்டியிலிருந்தபடியே அடுக்கு டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு, அப்பா என்று கூப்பிட்டாள். நாலைந்து பேர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். அப்பா வேகமாக வெளியே வந்தார். கேரியரை வாங்கிக்கொண்டார். வெயிலும்மா, இனிமே வராதே என்றார். ரொம்ப மெதுவாகச் சொன்னார். வெயிலுக்காகச் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். அக்கா என்ன நினைத்தாளோ, திரும்பி வரும்போது கழிகளை வேக வேகமாக ஊன்றினாள். இப்போது அன்றைய அப்பாவைவிட எனக்கு இருபது வயது அதிகம். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று அந்த மனிதருக்கு எத்தனை பயம் இருந்திருக்கும் என்று தெரிகிறது. தெரிந்தாலும் ஆறவில்லை.

எங்கள் பள்ளிக்கூடம் கரையோரம் ஒரு நீளக் கொட்டகை. மாடி கிடையாது. செப்டம்பரில் ஒரு நாள் அக்கா வண்டியை நேராக அதன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். பெரிய டீச்சர் வெளியே வந்தார். நான் படிக்கணும் டீச்சர் என்றாள் அக்கா. பெரிய டீச்சர் அவளை உள்ளே விட்டார். பதினாலு வயதில், குட்டிப் பிள்ளைகளுக்கு நடுவில், ஆறாம் வகுப்புக் கணக்கில் தொடங்கினாள். மூன்று வகுப்புப் பாடத்தை ஒரே மூச்சில் படித்தாள். ஏப்ரலில் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுதலாம் என்று பெரிய டீச்சர் விண்ணப்பம் வாங்கிக் கொடுத்தார். அது அம்மாவின் சமையலறை அலமாரியில், கடுகு டப்பாவின் கீழ், மடிக்காமல் இருந்தது.

இனிமேல் வருவது என்னுடைய காரியம்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தீவின் வடக்கு முனையில் பெரிய திமிங்கலம் ஒதுங்கியிருப்பதாக என் வகுப்புப் பெண் சொன்னாள். போகலாம் என்று நான் அக்காவை நச்சரித்தேன். அவள் நோட்டைப் பார்த்தாள்.

"வேணாம்டி. பதினோரு மணிக்கு ஏத்தம் ஆரம்பிச்சிடும். திரும்பி வர வழி இருக்காது."

நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். உன்னால் நான் எங்கேயுமே போக முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னேன். பத்து வயதுப் பெண் எப்படித்தான் அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தேனோ. அக்கா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். கழிகளை எடுத்தாள்.

திமிங்கலம் நிஜமாகவே இருந்தது. கறுத்த பாறை மாதிரி கிடந்தது. அழுகல் நாற்றம், அதன்மேல் காக்கைகள். நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அக்கா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இதோ இதோ என்றேன். புறப்பட்டபோது அலை அவளுடைய ரோட்டைத் தின்றுகொண்டிருந்தது. பாதி வழியில் ஈரமணல் முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டது. மேல் மணலில் ஏறினோம். உருளைகள் புதைந்தன. நான் இழுத்தேன், அவள் ஊன்றினாள். ஒரு கழி முறிந்தது. அலை ஒன்று வந்து அவள் இடுப்பு வரை நனைத்தது. நான் அலறினேன்.

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடிவந்தார்கள். ஒருவர் தன் துண்டை அக்காமேல் போர்த்தி, அவளைத் தூக்கிக்கொண்டார். வழி முழுக்க அவள் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்தபடியே நடந்தார். இன்னொருவர் வண்டியைத் தலையில் வைத்துக்கொண்டார். உச்சி வெயிலில் தார் ரோட்டின் முழு நீளத்துக்கும் அப்படி வந்தோம். ஊரே வாசலில் நின்று பார்த்தது.

அம்மா அவர்களுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கதவைச் சாத்தினாள். "வயசுக்கு வந்த பொண்ணை யாரோ தூக்கிட்டு வரான். நான் எங்க போய் மூஞ்சியை வெச்சுக்குவேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்.

"அங்க போகலாம்னு யார் சொன்னது?"

நான் சொன்னேன், "அக்காதான்."

அக்காவின் தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் பக்கம் திரும்பவில்லை.

"ஆமாம்ப்பா. நான்தான்."

அன்றோடு வண்டி சமையலறைக்குப் பின்னால் சாய்த்து வைக்கப்பட்டது. அப்பா திரும்ப மாற்றல் கேட்டு எழுதிப்போட்டார். தாம்பரத்துக்கே கிடைத்தது. பெரிய டீச்சர் வீட்டுக்கு வந்தார். ஏப்ரல் வரைக்கும் என்னோடு விட்டுப் போங்கள், பரீட்சை எழுதியதும் நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று எவ்வளவோ பேசினார். அப்பா மரியாதையாகக் காப்பி கொடுத்துக் கேட்டுக்கொண்டார். பொண்ணோட பாதுகாப்பு முக்கியம் டீச்சர் என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கடுகு டப்பாவின் கீழிருந்த விண்ணப்பத்தைப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று ஓடாவி மாமாவே வண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார். முறிந்த கழிக்குப் பதிலாகப் புதுக் கழி போட்டிருந்தார். அக்காவை அப்பா தூக்கிக்கொண்டுபோய் ஜன்னலோரம் உட்காரவைத்தார். வண்டி எங்கே என்று அவள் கேட்டாள்.

"பார்சல்ல போட்டாச்சும்மா. பின்னாடி வர்ற ரயில்ல வரும்" என்றார் அப்பா.

நான் வாசல் பக்கம் நின்றிருந்தேன். ரயில் நகர்ந்தபோது பார்த்தேன். ஸ்டேஷன் வேலியில் சாய்ந்தபடி கரை வத்தை நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஓடாவி மாமா. அவர் கையை ஆட்டவில்லை. நான் அக்காவிடம் சொல்லவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், அதனால் சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் திரும்பவும் நான் இழுக்க வேண்டாம் என்று ஒரு ஓரத்தில் நிம்மதியாக இருந்தது.

தாம்பரத்துக்கு வந்த முதல் சனிக்கிழமை அக்கா என்னிடம், ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு வா என்றாள். நான் போனேன். ரயில்வே கேட்டைத் தாண்டி, பழக்கடைகளைத் தாண்டி, பார்சல் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். உள்ளே போய்க் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். இன்னும் வரலையாம் என்றேன். அடுத்த சனிக்கிழமையும் அனுப்பினாள். அதற்கடுத்ததும். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படிப் போய்வந்தேன். ஒவ்வொரு முறையும் வரலையாம் என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவேன். பிறகு ஒரு சனிக்கிழமை அவள் கேட்கவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது சுருக்கமாகத்தான் இருந்தது. அக்கா கையால் சுற்றுகிற தையல் மெஷினில் அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்தாள். நான் படித்தேன், குரோம்பேட்டையில் டீச்சரானேன், கல்யாணம் செய்துகொண்டேன். அப்பா போனார், அம்மா போனாள். அக்காவைச் சேலையூருக்கு எங்களோடு அழைத்துவந்தேன். தரைத்தள வீடாகப் பார்த்துத்தான் வாங்கினோம். சக்கர நாற்காலி ஒன்றும் வாங்கினேன். முதல் நாள் தெருமுனை வரை போனோம். சாக்கடைப் பலகையின் இடுக்கில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. பைக்கில் போன இரண்டு பேர் நல்ல மனசோடு இறங்கி வந்து நாற்காலியோடு அவளைத் தூக்கிவிட்டார்கள். போதும்டி, வீட்டுக்குப் போலாம் என்றாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குத் தவிர அவள் வெளியே வரவில்லை.

சென்ற வருஷம் நுரையீரலில் தண்ணீர் கட்டியது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதன் அர்த்தம் உங்களுக்கெல்லாம் தெரியும். ஒரு மத்தியானம், மின்விசிறிச் சத்தம் தவிர வேறெதுவும் இல்லாத நேரத்தில், அவள் கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். திமிங்கலம் பார்க்கப் போனதைப் பற்றி அப்பாவிடம் சொன்ன பொய். வேலியில் சாய்ந்து நின்ற வண்டி. பார்சல் ஆபீசுக்குள் நான் ஒரு தடவைகூடப் போகாதது. ஐம்பது வருஷத்தை அரை மணியில் சொல்லி முடித்தேன்.

அக்கா கூரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரயில் கிளம்பும்போது நானும் ஜன்னல்லதானேடி உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கண் தெரியாதா?"

பிறகு ஏன் வாராவாரம் என்னை அனுப்பினாய் என்று கேட்டேன்.

"நீ போயிட்டு வந்து ஏதாவது சொல்லுவேன்னுதான். வழியில யாரைப் பார்த்தே, ஸ்டேஷன்ல என்ன நடந்துது, கேட்டு மூடியிருந்துதா, இப்படி ஏதாவது. நீ வரலைன்னு மட்டும் சொல்லிட்டு ஓடிடுவே."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு இருமினாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். வேறென்ன செய்ய முடியும்?

அடுத்த நாளிலிருந்து தினமும் மத்தியானம் வெளியே கிளம்பினேன். ஷேர் ஆட்டோவில் ஏறுவேன், ஏதாவது ஓரிடத்தில் இறங்குவேன், பார்ப்பேன், திரும்பி வந்து சொல்வேன். தாம்பரம் நடைமேம்பாலத்தின் மேலிருந்து ரயில்களின் முதுகு எப்படி இருக்கிறது என்று சொன்னேன். குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைப் பொம்மைக்கு இரண்டு பேர் புடவை கட்டத் தெரியாமல் திண்டாடியதைச் சொன்னேன். காட்டாங்குளத்தூர் வரை போய், காலேஜ் பிள்ளைகள் ஒரே குடைக்குள் ஐந்து பேர் நடந்ததைச் சொன்னேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். நடு நடுவே கேள்வி கேட்பாள். குடை என்ன கலர்? அந்த ஐந்தாவது ஆள் நனைஞ்சானா? இப்படிப் பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் அனகாபுத்தூர் போயிருந்தேன். திரும்பி வந்தபோது, பார்த்துக்கொள்ள வைத்திருந்த பெண் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அக்காவின் கை இன்னும் சூடாக இருந்தது. அந்தக் காய்ப்பு அப்படியே இருந்தது.

அன்றைக்கு அவளிடம் சொல்லக் கொண்டுவந்ததை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. ஆற்றுப் பாலத்தின் மேல் டிராபிக் நின்றிருந்தது. எனக்கு முன்னால் ஒரு பைக். ஓட்டுகிறவனுக்குப் பின்னால் அவன் மனைவி திரும்பி உட்கார்ந்து, ஆளுயரக் கண்ணாடி ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி எங்களைப் பார்த்திருந்தது. பின்னால் நின்ற பஸ், லாரி, மழை மேகம், அடையாற்றின் ஒரு துண்டு என்று எல்லாம் அதற்குள் இருந்தன. அவர்கள் கிளம்பியதும் அத்தனையும் ஆடிக்கொண்டே விலகிப் போயிற்று. நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டு ஆட்டோக்காரர் கேட்டார்.

"இன்னாம்மா, தெர்ஞ்சவங்களா?"

இல்லை, வீட்டில் ஒருத்தியிடம் சொல்வதற்காகப் பார்க்கிறேன் என்றேன்.

கண்ணாடிக்குள்ள நீ தெரிஞ்சியா என்று அக்கா கட்டாயம் கேட்டிருப்பாள். தெரிந்தேன். ஆட்டோவின் ஓரத்தில், மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, சிரித்தபடி.